கஞ்சி ஊற்றியவரும் வரி கேட்டவனும்

வருமான வரி வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய ஆபீசிலிருந்து குமாஸ்தா வேலை பார்க்கும் இளம் கிராணிகள் இரண்டு பேர் கிள்ளானுக்கு ரயிலேறி என்னைப் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: "சார், காலம் கெட்டுக் கிடக்கும்போது பணக்காரங்ககிட்ட கூடுதலா வரி வாங்கறது நியாயமா?"

"நியாயமா இல்லையா என்று பேப்பரில் எழுதுகிறவர்களைப் போய்க் கேளுங்கள். வாங்கிப் பார்த்தவனிடம் வந்து கேட்காதீர்கள்" என்று எரிந்து விழுந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "வந்த புள்ளைங்ககிட்ட ஏங்க கத்துறீங்க?" என்றாள். அவர்களிடம் கத்தவில்லை. வேறு யாரிடமோ கத்த வேண்டியதை எட்டு வருஷமாகப் பாக்கி வைத்திருக்கிறேன், அது அவ்வப்போது இப்படி வெளியே வந்துவிடுகிறது. ஆளைச் சொன்னால்தான் விஷயம் புரியும் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்த கதையை நீட்டப் போவதில்லை. கிள்ளானில் இங்கிலீஷ் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். அப்பா ரயில்வேயில் தண்டவாளக் கூட்டத்தில் இருந்தவர். அவருக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி, கோலாலம்பூர் போர்டு ஆபீசில் இடம் கிடைத்தது. போர்டு என்றால் ஊரின் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குழாய் எல்லாவற்றையும் பார்க்கிற ஆபீசு. அதற்கெல்லாம் காசு வீட்டு வரியிலிருந்து வந்தது. முதல் சில வருஷங்கள் அளவு டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றது தவிர வேறென்ன செய்தேன் என்று நினைவில்லை. பிறகு எனக்கு பிரிக்பீல்ட்ஸ் பகுதியைக் கொடுத்தார்கள். கூலிக்காரர்கள் என்னை வரி கிராணி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் கடைசிவரை போகவில்லை.

வேலை இதுதான். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன வரும் என்று மதிப்புப் போட்டு, அதில் ஒரு பங்கை வீட்டுக்காரர் வரியாகக் கட்டவேண்டும். வீடு ஆளில்லாமல் காலியாகக் கிடந்தால் அந்த மாதங்களுக்கு வரி இல்லை. கட்டியிருந்தால் போர்டு திருப்பிக் கொடுக்கவேண்டும். வீட்டுக்காரர் காலி என்று எழுதிக் கொடுத்ததும், உண்மைதானா என்று கிராணி நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மேலதிகாரி தம்பையா. யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, மழையோ வெயிலோ கையில் குடை. "முன்பக்கத்தாலை போகாதையும் தம்பி. முன்பக்கம் பொய் சொல்லும்" என்பார். முதலில் பின்பக்கம் போய்ச் சாக்கடையைப் பார்க்கவேண்டும், ஈரமா, சோப்பு நுரை ஒட்டியிருக்கிறதா என்று. பிறகு அடுப்பில் உள்ளங்கையை வைக்கவேண்டும். அம்மியைத் தடவிப் பார்க்கவேண்டும். கடைசியாகக் கரப்பான் பூச்சி. ஆளில்லாத வீட்டில் அது தங்காது, சோறு வேகிற இடத்தில்தான் குடித்தனம் நடத்தும்.

அவர் நடந்துகொள்ளும் விதம்தான் தாங்க முடியாதது. நாங்கள் எழுதிக்கொண்டு போனதை அவர் மேஜைக்கு முன்னால் நின்றபடி உரக்கப் படிக்கவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "காற்றோட்டமான நல்ல வீடு" என்று படித்தால் ஒரு விரல் உயரும். "நல்ல வீடு எண்டு உம்மை ஆர் கேட்டது? எத்தினை ஜன்னல் எண்டு சொல்லும்." நாங்களே பேனாவை எடுத்து அந்த 'நல்ல'வை அடிக்கவேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது, பரவாயில்லை, நன்றாகச் செய்தாய் என்று அவர் சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம், கோபமும் அதே அளவு அதிகம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். ரவாங் பக்கத்திலிருந்தும் காஜாங் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக, தலையில் மூட்டையோடு, வேலை தேடிப் பட்டணத்துக்கு நடந்தே வந்தார்கள். பட்டணத்தில் இருந்தவர்களுக்கே வேலை இல்லை. ரயில்வேயிலும் கழித்துக் கட்டினார்கள். வேலை போனவர்களை போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கொண்டுபோய், நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். இங்கேயே பிறந்து, ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களும் அதில் போனார்கள்.

வாடகை வராததால் வீட்டுக்காரர்கள் வரி கட்டவில்லை. போர்டில் பணம் இல்லை. அப்போது எங்கள் பெரிய துரை ஒரு யோசனை சொன்னார்: நிறைய வீடு வைத்திருக்கிற பெரிய கைகள், அந்த ஒரு வருஷம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வரி கட்டட்டும், அந்தப் பணத்தில் சாக்கடைக் கூலிகளைக் கலைக்காமல் வைத்திருக்கலாம். வெள்ளைக்காரர் வாயிலிருந்து இவ்வளவு சரியான ஒரு பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அப்போது பெரிய கை என்றால் கண்ட்ராக்டர் சிங்காரம். கட்டட வேலை, மாட்டு வண்டிகள், சொந்தமாக ஒரு வரிசை வீடு. பஞ்சம் வந்ததும் அவர் கோயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுத் தினமும் மத்தியானம் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார். உள்ளதைச் சொல்லவேண்டும், அது தண்ணிக் கஞ்சி இல்லை. கெட்டியாக, துவையலோடு கொடுத்தார். தானே கரண்டியைப் பிடித்து, முகம் பார்த்து, "சாப்பிடுப்பா, இன்னும் கொஞ்சம் வாங்கிக்க" என்று ஊற்றினார். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்று இன்றைக்கும் என்னால் முடிவு கட்ட முடியவில்லை. அதுவும் ஓர் எரிச்சல்.

கூடுதல் வரிப் பேச்சு வந்த வாரமே கஞ்சிப் பந்தலில் ஒரு மனு வந்து உட்கார்ந்தது. தர்மம் செய்கிறவர்கள்மேல் வரியை ஏற்றினால் தர்மம் நின்று ஏழைகள் பட்டினி கிடப்பார்கள் என்று அதில் இருந்தது. கஞ்சி குடித்துவிட்டுக் கை கழுவியவர்கள் அப்படியே மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வரிசையில் முதலில் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் போர்டின் சாக்கடை கழுவும் கூலிக் கூட்டம். கூடுதல் வரி எவர் வேலையைக் காப்பாற்றவேண்டும் என்று பேசப்பட்டதோ அவர்களேதான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் வீராசாமி. பிரிக்பீல்ட்ஸ் சாக்கடைகளை வருஷக்கணக்காகக் கழுவியவன். சம்பளத்தைக் குறைத்தும் ஒருநாள் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. அவனைத் தெருவில் பிடித்து நிறுத்தினேன்.

"எதுல கைநாட்டு வச்சேன்னு தெரியுமாப்பா உனக்கு?"

"கஞ்சி ஊத்துற முதலாளி நல்லா இருக்கணும்னு வச்சோம் கிராணி ஐயா."

"உனக்குச் சம்பளம் குடுக்கிற காசு வேண்டாம்னு வச்சிருக்கே."

"சம்பளம் துரை குடுக்கிறாரு. அதுக்கு முதலாளி எதுக்குக் குடுக்கணும்?"

சாக்கடை ஓரத்தில் நின்று அவனுக்கு விளக்கினேன். வரி எங்கிருந்து வருகிறது, போர்டுக்கு எப்படிப் போகிறது, அங்கிருந்து அவன் கைக்கு எப்படி வருகிறது என்று தொண்டை வறளப் பேசினேன். அவன் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். எல்லாம் முடிந்ததும், "நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா கஞ்சி சூடா இருந்துச்சு ஐயா" என்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மனு துரையிடம் போனது. ஏழைகளே வேண்டாம் என்கிறார்களே என்று அவர் கூடுதல் வரியைக் கைவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு உத்தரவு வந்தது: இருக்கிற வரியையாவது ஒழுங்காக வசூல் செய்யுங்கள், காலி வீடு என்று பணம் திருப்பிக் கேட்கிறவர்களைச் சரியாகப் பாருங்கள், அப்படியும் போதவில்லை என்றால் மாதக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் சாக்கடைக் கூட்டத்தைக் கலைத்துக் கப்பலேற்றிவிடலாம்.

அதே வாரம் சிங்காரத்தின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. வரிசை முழுவதும் காலி, கட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்கவும் என்று கேட்டிருந்தார். அந்தப் பணம் அவர் கைக்குப் போனால் கூட்டம் கலையும், போகாவிட்டால் நிற்கும், நிலைமை அவ்வளவு இழுபறி. தம்பையா குடையை மேஜையில் சாய்த்துவிட்டு, "போய்ப் பாரும் தம்பி. கண்டதை எழுதும். நினைச்சதை எழுதாதையும்" என்றார்.

போனேன். முதலாளியின் கணக்கப்பிள்ளை சாவிக்கொத்தோடு கூடவே வந்து, பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். சாக்கடை வறண்டிருந்தது. அடுப்பில் சாம்பல்கூட இல்லை. அம்மியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கரப்பான் பூச்சி கண்ணில் படவில்லை. காலி என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வேறு வேலையாக அந்தத் தெரு வழியே போனேன். வரிசையைத் தாண்டிப் பாதித் தெரு போன பிறகுதான் எனக்கு ஏதோ உறுத்தியது. திரும்பி வந்து பார்த்தேன். ஒரு வீட்டின் நிலைப்படியில் ஈர மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. வெளியே பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நிலைப்படியில் மஞ்சள் இருப்பது நம் கண்ணுக்கு ஒரு அதிசயமே இல்லை, அதனால்தான் முதலில் நான் பார்த்தும் பார்க்காமல் போனேன். அந்தக் கணக்கப்பிள்ளையும் வாராவாரம் அதைத் தாண்டித்தான் போயிருப்பார். வெறும் நிலைப்படியாக இருந்திருந்தால்தான் அவருக்கு ஏதோ குறை என்று பட்டிருக்கும்.

பின்பக்கம் போய், "உள்ள யாரும்மா?" என்றேன். மறுபடி கூப்பிட்டேன். ஒரு குழந்தை வீல் என்று அழுதது. கதவை ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்த்தவள் வீராசாமியின் மனைவி அஞ்சலை. என்னைக் கண்டதும் நடுங்கிப்போய், "நாங்க இங்க இல்லீங்க ஐயா" என்றாள்.

"குழந்தை அழுதுகிட்டு இருக்கு, இல்லேங்கறியேம்மா."

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சம்பளம் குறைந்ததும் இருந்த அறைக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. முதலாளிதான் இரக்கப்பட்டு வாடகையில்லாமல் இங்கே இருக்கச் சொன்னார். வரிசையில் மற்ற வீடுகளிலும் இப்படித்தான் குடும்பங்கள் இருந்தன. ஒரே ஒரு நிபந்தனை, ஆள் இருப்பது வெளியே தெரியக்கூடாது. அடுப்பு மூட்டாமல் பந்தல் கஞ்சியையே குடித்து, தண்ணீரை வாளியில் எடுத்துப்போய் வேறு சாக்கடையில் கொட்டி, பாயையும் சட்டியையும் பகலில் மாட்டுக் கொட்டகையில் ஒளித்து, நான் பார்க்க வந்த அன்று தானும் குழந்தையோடு அங்கேயே ஒளிந்து, சொன்னதையெல்லாம் அவள் செய்திருக்கிறாள். ஆனால் குழந்தை பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமை நிலைப்படியை வெறுமையாக விட அவளுக்கு மனசு வரவில்லை.

அக்கம்பக்கத்தார் யாரோ சொல்லி வீராசாமி சாக்கடையிலிருந்து ஓடி வந்தான். காலெல்லாம் சேறு.

"ஐயா, எழுதாதீங்க ஐயா. உங்க காலைப் புடிக்கிறேன்."

"எழுதலேன்னா பணம் முதலாளிக்குப் போயிடும். மாசக் கடைசியில உங்க கூட்டத்தையே கலைச்சிடுவாங்க. கப்பல்தான் உனக்கு. புரியுதா?"

"கப்பல் அப்புறம் வருது ஐயா. வீடு இன்னிக்கே போகுது."

அஞ்சலை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இத்தனை சிக்கலையும் உண்டாக்கியவர் அப்போது பந்தலில் கரண்டியோடு நின்று புண்ணியம் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஆபீசுக்குப் போய் தம்பையாவிடம் சொன்னேன். "எழுதினால் அவனுக்கு வீடு போகும் சார், எழுதாவிட்டால் வேலை போகும். நான் என்ன செய்யட்டும்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டும் நீர் நினைச்சது. கண்டது என்ன?"

"ஒரு பொம்பளை, ஒரு பச்சைக் குழந்தை."

"அதை எழுதும்."

எழுதிக்கொண்டு வந்து, வழக்கம்போல் நின்று படித்தேன். விரல் உயர்ந்தது. "பச்சையை அடியும். குழந்தை எண்டால் காணும்." நான் பேனாவை அழுத்தி அடித்ததில் காகிதமே கிழிந்தது. அவர் எனக்கு வேறு காகிதம் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் சிங்காரம் ஆபீசுக்கு வந்தார். கூடவே கஞ்சிக் கூட்டம் பாதி வந்து வெளியே மரத்தடியில் நின்றது. அதில் வீராசாமியும் இருந்தான். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை வயித்தை நிரப்புறேன் தெரியுமா உனக்கு? உன் போர்டு யாருக்காவது ஒரு கரண்டி ஊத்தியிருக்கா?"

"உங்க கஞ்சிக்குத் தண்ணி போர்டு குழாயில வருதுங்க. சட்டி கழுவின தண்ணி போர்டு சாக்கடையில போகுது. அந்தச் சாக்கடையைக் கழுவுறவன் உங்க பந்தல்ல உட்கார்ந்திருக்கான்."

"அப்ப அவனுக்குச் சோறு போடறது நான்தானே?" என்றார். அவர் குரல் இறங்கியது. "இதோ பாரு தம்பி, எனக்குக் காசு பெரிசில்லை. கஞ்சி வாங்கறவன் என் முகத்தைப் பார்த்து வாங்கறான். சாக்கடை கழுவறவன் மாசக் கடைசியில காசு வாங்கும்போது யார் முகத்தைப் பார்க்கிறான்? அதை நான் எதுக்குக் குடுக்கணும்?"

என் வேலைக் காலத்தில் வரி கொடுக்க மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் இது ஒன்றுதான் பொய்யில்லாதது. அதற்காகவே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

தம்பையா எழுந்து நின்றார். "வரியைக் கட்டுங்கோ. கஞ்சியையும் ஊத்துங்கோ. ரெண்டையும் ஒராள் செய்யக்கூடாதெண்டு விதியிலை இல்லை" என்றார். அவர் இப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. சிங்காரம் இன்னும் கொஞ்ச நேரம் ஆபீசு அதிர சத்தம் போட்டார். பிறகு போய்விட்டார்.

பணம் திரும்பப் போகவில்லை. அவர் யாரையும் வீட்டைவிட்டு விரட்டவும் இல்லை, அதற்கு அவர் என்ன முட்டாளா? எப்படியும் வரி உண்டு என்றான பிறகு வாடகையாவது வரட்டுமே என்று எல்லாக் குடும்பங்களுக்கும் குறைந்த வாடகை போட்டுவிட்டார். வீராசாமி அதே வீட்டில் வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தான், அஞ்சலை அடுப்பு மூட்டினாள். ஆனால் அடுத்த வாரமே கஞ்சிப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அரிசிக் காசை வரி கிராணி பிடுங்கிக்கொண்டான் என்று கணக்கப்பிள்ளை தெருத்தெருவாகச் சொன்னார்.

அதன்பிறகு நான் பட்ட பாடு. முடிவெட்டுகிறவர் என்னைக் கடைசிவரை உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு வாங்க என்றார். தண்ணீர்க் குழாயடியில் என் மனைவியைப் பார்த்து, "கஞ்சியில மண்ணள்ளிப் போட்டவரு பொண்டாட்டி" என்று காது படவே பேசினார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள். கஞ்சி நின்று பசியோடு இருந்தவர்கள் திட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். பசித்தவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் கஞ்சியை நிறுத்தியது அவர். வசவு எனக்கு. அந்த வருஷம் கோயில் திருவிழாவில் பரிவட்டமும் அவருக்கே கட்டினார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தேன், சாமி கும்பிடக்கூட மனம் ஓடவில்லை.

மாதக் கடைசி வந்தது. வேறு பகுதிகளில் சாக்கடைக் கூட்டங்களைக் கலைத்தார்கள். மூட்டை முடிச்சோடு அவர்கள் துறைமுகத்துக்கு ரயிலேறியதை நான் ஸ்டேஷனில் நின்று பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. மறுநாள் காலை வீராசாமி வழக்கம்போல் சாக்கடையில் இறங்கினான். ஏன் தங்கினோம் என்று அவர்களில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் ரோஷம் விடவில்லை.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். தம்பையா அதற்கு முன்பே யாழ்ப்பாணம் போய்விட்டார். ஆபீசில் மாலை போட்டு, டீயும் வடையும் கொடுத்து, நான் நேர்மையானவன் என்று ஏதோ பேசினார்கள். கூட்டம் கலைந்த பிறகு பின்வாசல் பக்கம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார்கள். போனால், வீராசாமி. வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தாவது ஒருவனுக்குப் புரிந்ததே என்று நினைத்தேன்.

"கிராணி ஐயா, போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடணும். ரொம்ப நாளா மனசுல இருக்கு."

"சொல்லுப்பா."

"அன்னிக்கு மத்த கூட்டத்தையெல்லாம் கப்பல் ஏத்தினாங்களே, எங்களை மட்டும் ஏன் விட்டாங்க? முதலாளி ஆபீசுக்கு வந்து எங்களுக்காகச் சண்டை போட்டாரு. நாங்க மரத்தடியில நின்னுகிட்டு இருந்தோம், அவரு சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு. அவரு மட்டும் வரலேன்னா எங்க கதி என்ன ஆகியிருக்கும்?"

நான் தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தையே பார்த்தேன்.

"ஆனா உங்க மேல எனக்கு வருத்தம் இல்லீங்க ஐயா" என்றான் அவன், என் கையைப் பிடித்துக்கொண்டு. "என் பொண்டாட்டி புள்ளையைப் பத்தி நீங்க அன்னிக்கு எழுதினதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். அஞ்சலைகிட்டயும் மன்னிச்சிடும்மான்னு சொல்லிட்டேன். நீங்க நல்லா இருக்கணும்."

தட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டு, "நீயும் நல்லா இருப்பா" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மத்தியான வேலைக்கு நேரமாகிறது என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனான்.